நான் கையெழுத்துப் போட்ட மாடல் விழுந்த கதை

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற என்னை வழியனுப்பிய அன்று நியூ டவுன் அலுவலகத்தில் எல்லோரும் என்னைப் பற்றி நல்லதாகவே பேசினார்கள். துண்டு போர்த்தினார்கள், இனிப்புப் பெட்டி கொடுத்தார்கள். "கோமதி-தி கையெழுத்துப் போட்ட மாடல் விழாது" என்று முதலாளி சொன்னார். புதிதாகச் சேர்ந்திருந்த தமிழ்ப் பிள்ளைகள் நீங்கள் ஐந்து பேரும் பலமாகக் கை தட்டினீர்கள். எனக்குக் காது சுட்டது. விழுந்திருக்கிறது. ஒரு முறை அல்ல, இரண்டு முறை. அப்போதே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். வாயில் ரசகுல்லா இருந்ததால் முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது லேக் கார்டன்ஸ் வீட்டில் உட்கார்ந்து எழுதித் தருகிறேன், படியுங்கள்.

நாம் செய்வது இன்ஜின் இல்லாமல் காற்றில் மிதக்கும், வாலும் இல்லாத கிளைடர். இரண்டு இறக்கை, நடுவில் ஒரு குட்டி மூக்கு, அவ்வளவுதான். ஆற்றங்கரை எங்கே எவ்வளவு அரித்திருக்கிறது என்று மேலிருந்து படம் எடுத்துக் கொடுக்கும். வால் இல்லாததால் எடை குறைவு, வண்டியின் பின்னால் போட்டுக்கொண்டு எங்கும் போகலாம். ஆனால் வாலை யாரும் அழகுக்காக ஒட்டுவதில்லை. மூக்கு இடமோ வலமோ திரும்பிக்கொண்டால் அதை நேராக்குவது வால்தான். வால் இல்லாத மாடலில் அந்த வேலையை இறக்கை நுனிகளில் நிற்கும் இரண்டு சின்னத் தகடுகள் பார்க்க வேண்டும். அவை சரியாகப் பார்க்கவில்லை என்றால் மூக்கு அலையும். அலைய ஆரம்பித்தால் அடுத்தது விழுவதுதான். இந்த அலைச்சலை அடக்குவதிலேயே என் வேலைக்காலத்தில் பாதி போயிருக்கும்.

அப்போது பட்டறை கார்டன் ரீச்சில் இருந்தது. எந்த மாடலும் என் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. கையெழுத்துக்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. மாடலைத் தூண்டில் நரம்பில் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவேன். எதிரே ஆளுயர மின்விசிறியை ஓடவிட்டு, மூக்கை விரலால் ஒரு தட்டு தட்டுவேன். இரண்டு மூன்று ஆட்டத்துக்குள் மூக்கு நேரே வந்து நிற்க வேண்டும். நின்றால் கையெழுத்து, நிற்காவிட்டால் திட்டு. திட்டு யாருக்கு என்பது அன்றைக்கு என் கண்ணில் யார் படுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

கேமரா நம்முடையதல்ல. வேலை கொடுத்தவர்கள் அதைப் பறக்கவிடும் நாளில்தான் கொண்டுவருவார்கள். குழந்தையைத் தூக்கி வருவதுபோல் மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள், அவ்வளவு விலை. ஆகவே சோதனைகளுக்கெல்லாம் அதற்குப் பதிலாக ஈயக் குண்டுகள் நிரப்பிய ஒரு துணிப்பையை மூக்குக்குள் வைப்போம். பட்டறையில் அதற்குச் சந்தேஷ் என்று இங்குள்ள பால் இனிப்பின் பெயர். கேமரா எவ்வளவு எடையோ சந்தேஷும் அவ்வளவே. கேமரா எந்த இடத்தில் உட்காருமோ அதே இடத்தில்தான் சந்தேஷும் உட்காரும். நானே நிறுத்து, நானே தைத்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

தரையில் நின்று ரிமோட்டில் மாடலை ஓட்டியவன் சரவணன். உங்களுக்கு இப்போது பறக்கவிடச் சொல்லித்தருகிறானே, அதே சரவணன்தான். அன்று அவனுக்கு இருபத்தாறு வயது. அப்பா ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், அம்மா எங்கள் சங்கரன்கோவில் பக்கம். இவன் பிறந்தது வளர்ந்தது எல்லாம் கார்டன் ரீச் என்பதால் பேசும் தமிழில் பாதி பெங்காலி. என்னைத் தீதி, அதாவது அக்கா, என்பான்; முதலாளி வாயில் அது வெறும் 'தி'. சந்தேஷை வைத்து அந்த மாடலை அவன் ஓட்டிய அழகைப் பார்த்திருக்க வேண்டும். இருபது முறை ஏற்றினான், இருபது முறையும் புல்லின் மேல் பூப்போல இறக்கினான்.

வேலை கொடுத்தவர்களுக்குக் காட்ட வேண்டிய முதல் நாள் வந்தது. நகரத்துக்குத் தெற்கே ஹூக்ளிக் கரையில் அனுமதி வாங்கிய திடல். ஆற்றில் திடீரென்று சாரல் அடிக்கும் என்பதால் கேமராவுக்கு மழை படாத ஒரு டப்பா போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். சோற்று டப்பா அளவு, பக்கங்கள் தட்டையாக, மூக்குக்குக் கீழே தொங்கும்படி இருந்தது. டப்பாவோடு கேமராவைச் சந்தேஷுக்கு எதிரே நிறுத்துப் பார்த்தேன். எடை கிட்டத்தட்டச் சரியாக வந்தது. டப்பாதானே என்று விட்டுவிட்டேன். சரவணன் அதைத் திருகி மாட்டி, மாடலைக் கையில் தூக்கிக்கொண்டு போனான். நீண்ட ரப்பர் கயிற்றில் இழுத்து விட்டோம். ஐம்பது அடி உயரம் போனதும் மூக்கு இடது பக்கம் போனது, வலது பக்கம் வந்தது, மறுபடி இடது பக்கம் இன்னும் அதிகமாகப் போனது. அப்படியே பக்கவாட்டில் வழுக்கிச் சேற்றில் விழுந்தது.

பட்டறைக்குக் கொண்டுவந்து சரிசெய்து, விசிறிக்கு முன்னால் தொங்கவிட்டேன். நேராக நின்றது. சந்தேஷோடு பறக்கவிட்டான். பூப்போல இறங்கியது. இரண்டாவது முறை அதிகாரிகள் வந்தார்கள். அதே அலைச்சல். இந்த முறை விழுந்த இடம் ஒரு பொறியாளர் நின்ற இடத்திலிருந்து பத்தடி. அவர் கையிலிருந்த மண்குவளைத் தேநீர் சட்டையில் கொட்டியது. முதலாளியின் முகம் கறுத்துப்போனது.

இப்போது நீங்கள் என்ன முடிவுக்கு வருவீர்கள்? ஆள் இல்லாதபோது நன்றாகப் பறக்கிறது, ஆள் பார்க்கும்போது விழுகிறது. மாடலுக்குக் கண் கிடையாது, ஆள் பார்ப்பது அதற்குத் தெரியாது. ஓட்டுகிறவனுக்குத் தெரியும். ஆகவே குறை ஓட்டுகிறவனிடம். இது எனக்குக் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. அறிக்கையில் இரண்டே வரி எழுதினேன்: மாடலில் குறை இல்லை. பார்வையாளர் முன் பதற்றப்பட்டு ஓட்டுபவர் தேவைக்கு மேல் திருப்பிவிட்டார். கீழே கையெழுத்துப் போட்டேன்.

சரவணன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

"தீதி, நான் ஒண்ணும் திருப்பல. டப்பா மாட்டினா மாடல் கையிலயே திரும்புது. தூக்கிட்டு நடக்கும்போதே தெரியுது. ஒருதடவை டப்பாவோட ஃபேன் முன்னாடி தொங்கவிட்டுப் பாருங்களேன், ப்ளீஸ்."

"கை நடுங்குதுல்லா, அதான் திரும்புது" என்றேன்.

பட்டறையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். ஒருவர் சிரித்தார். சரவணன் திரும்பிப் போய்விட்டான். எனக்கு வேலை முடிந்த திருப்தி. இதை எழுதும்போது என்மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

அதோடாவது விட்டேனா? இல்லை. அந்த வார இறுதியில் லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கப் போனபோது அவன் அம்மாவைப் பார்த்தேன். பையன் எப்படி இருக்கான் என்று அவள் கேட்டாள். அக்கறை என்று நினைத்துக்கொண்டு, "பையன் நல்லவன்தான். ஆனா ஆள் முன்னால கை நடுங்குது. கொஞ்சம் கவனிங்க" என்று சொன்னேன். அவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சரிக்கா என்றாள்.

மூன்றாவது முறை பறக்கவிட்டுக் காட்ட முதலாளி ஒரு தேதி வாங்கினார். இதுவும் போனால் வேலை வேறு கம்பெனிக்குப் போய்விடும். இந்த முறை ஓட்டுவதற்கு வெளியிலிருந்து அனிமேஷ் என்பவரை வரவழைத்தார். நிதானமான மனிதர், நம்மைவிடப் பழகிய கை. சரவணன் ரப்பர் கயிற்றின் முளைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், மாடலைத் தொடக்கூடாது. "அனிமேஷ் நன்றாக ஓட்டிவிட்டால் சரவணனுக்கு இந்த மாதத்தோடு கணக்கு முடித்துவிடலாம். உங்கள் கருத்து?" என்று என்னைக் கேட்டார். அவர் பேசுவது பெங்காலி, நான் தமிழில் எழுதுகிறேன். நான் சரி என்றேன்.

அன்று காலை திடலில் கூடாரம், பிளாஸ்டிக் நாற்காலிகள், பன்னிரண்டு அதிகாரிகள். ஆற்றிலிருந்து சீரான தெற்குக் காற்று. கூடாரத்திலேயே அவர்களுடைய ஆள் கேமராவை டப்பாவோடு மாட்டினார். ரப்பர் கயிறு போட்டிருந்த இடம் அங்கிருந்து அறுபது அடி. வழக்கமாகச் சரவணன் தூக்கிக்கொண்டு போவான். அன்று அவன் தொடக்கூடாது, அனிமேஷ் ரிமோட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஆகவே நான் தூக்கினேன். டப்பா மாட்டிய மாடலை நான் கையில் எடுத்தது அதுதான் முதல் தடவை.

கிளைடரை அடியில் விரல் நுனிகளால் தாங்கிக் காற்றுக்கு எதிராக நடந்தால், நல்ல மாடல் தானாகக் காற்றைப் பார்த்து நிற்கும். நூறு முறை அப்படித் தூக்கியிருக்கிறேன், எல்லாம் சந்தேஷோடு. பத்தடி நடந்ததும் மூக்கு இடது பக்கம் விலகியது. பிடி சரியில்லை என்று நினைத்து நேராக்கினேன். இன்னும் பத்தடியில் வலது பக்கம் விலகியது. என் கை நடுங்குகிறதா என்று பார்த்தேன். கை பாறைபோல இருந்தது. நின்றேன். பிடியைத் தளர்த்தி, காற்று என்ன செய்கிறது என்று பார்த்தேன். கோபித்துக்கொண்ட குழந்தைபோல மூக்கு காற்றுக்கு முகம் கொடுக்காமல் திரும்பிக்கொண்டது.

மாடலைச் சாய்த்து அடியில் பார்த்தேன். மூக்குக்குக் கீழே தட்டையாகத் தொங்கும் டப்பா, முன்னால் வைத்த வால் மாதிரி வேலை செய்கிறது. பின்னால் இருக்கும் சின்னத் தகடுகள் நேராக்கப் பார்க்கின்றன, முன்னால் இருக்கும் டப்பா திருப்பிவிடுகிறது. சந்தேஷுக்கு எடை உண்டு, ஆனால் அது மூக்குக்குள் இருந்தது, அதன்மேல் காற்றே படாது. ஆட்கள் வந்த நாளில்தான் கேமராவும் வந்தது. ஆளைப் பார்த்த நான் டப்பாவைப் பார்க்கவில்லை. சரவணன் பார்த்தான், சொன்னான், நான் நாலு பேர் முன்னால் அவனைக் கேலி செய்தேன்.

இன்னும் நாற்பது அடி இருந்தது. அந்த நாற்பது அடியில் என் மனதில் ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிடலாம். விழுந்தால் அனிமேஷ் தலையில் விழும். ஆனால் போன முறை பத்தடி தள்ளி விழுந்தது, இந்த முறை யார்மேல் விழும்? அந்த எண்ணம் வந்ததுமே அது முடியாது என்று தெரிந்துவிட்டது. இன்னொரு வழி இருந்தது. காற்று சரியில்லை என்று சொல்லி நாளைத் தள்ளிப்போடலாம். பட்டறைக்குப் போய் ஓசையில்லாமல் தகடுகளைப் பெரிதாக்கிவிடலாம். அறிக்கை அப்படியே இருக்கும், என் பெயரும் இருக்கும். யாருக்கும் அடிபடாது.

முளைக்குப் பக்கத்தில் போய் முதலாளியிடம், "காற்று சரியில்லை. இன்று வேண்டாம்" என்று சொன்னேன். ஆமாம், அதைத்தான் சொன்னேன்.

முதலாளி கம்பத்தில் கட்டியிருந்த ரிப்பனைப் பார்த்தார். அது ஒரே சீராகப் பறந்துகொண்டிருந்தது. அனிமேஷும் பார்த்தார். மரியாதைக்காகத் தலையைக் குனிந்துகொண்டார். முளையைப் பிடித்துக்கொண்டிருந்த சரவணன்தான் நிமிர்ந்தான்.

"ஹாவா டிக் ஆச்சே, தீதி. காத்து சரியாத்தான் இருக்கு."

நாள் தள்ளிப்போனால் அவனுக்கு வேலை இன்னும் சில வாரம் இருக்கும். அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் உள்ளதைச் சொன்னான். எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவு வெட்கத்தை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பட்டதில்லை.

"காற்று நன்றாக இருக்கிறது" என்று முதலாளியிடம் சொன்னேன். "மாடலில் குறை. இந்த டப்பா மாட்டினால் இது நேராக நிற்காது. முதல் இரண்டு முறையும் அதனால்தான் விழுந்தது. தப்பு என்னுடையது."

அவர் குரலைத் தாழ்த்தினார். "இவர்கள் முன்னால் இதை இப்போதுதான் சொல்ல வேண்டுமா? முன்பே தெரியாதா?"

"சரவணனுக்குத் தெரியும். என்னிடம் சொன்னான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை."

குரலைத் தாழ்த்தத்தான் நினைத்தேன். எனக்கு அது எப்போது வந்திருக்கிறது? முன்வரிசை அதிகாரிகள் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. தேநீர் கொட்டிக்கொண்ட அதே பொறியாளர் எழுந்து வந்து மாடலைக் கையில் வாங்கிப் பார்த்தார். மூக்கு அவர் கையிலும் திரும்பியது. "எவ்வளவு நேரம் வேண்டும்?" என்று கேட்டார். அரை மணி என்றேன். எதை வைத்துச் சரிசெய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

தகடு வெட்ட அங்கே என்ன இருக்கிறது? கூடாரத்தின் முன்னால் நம் கம்பெனி பெயர்ப்பலகை இருந்தது, உள்ளே குழல் குழலாக இருக்கும் லேசான பிளாஸ்டிக் அட்டை. முதலாளியைக் கேட்காமலே பிடுங்கினேன். இறக்கை நுனித் தகடுகளைவிட இருமடங்கு பெரிதாக இரண்டு துண்டு வெட்டி, பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படி டேப் போட்டு ஒட்டினோம். பின்னால் எடை கூடியதை ஈடுகட்ட, பெட்டியில் கூடவே வந்திருந்த சந்தேஷைக் கிழித்துச் சில குண்டுகளை மூக்கில் ஒட்டினேன். கம்பெனி பெயரில் பாதி இடது பக்கம், பாதி வலது பக்கம். முதலாளி வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யார் ஓட்டுவது என்ற கேள்வியை அனிமேஷே தீர்த்துவைத்தார். ரிமோட்டைச் சரவணனிடம் நீட்டி, "உன் கைக்குத்தான் இது முதலில் தெரிந்திருக்கிறது" என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

சரவணன் உடனே வாங்கிக்கொள்ளவில்லை. முதலில் மாடலைக் கையில் எடுத்துக் காற்றில் நடந்தான். மூக்கைத் தட்டிவிட்டான், நேரே வந்தது. மறுபடி தட்டினான். பன்னிரண்டு பேர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, மூன்றாவது முறையும் நடந்தான். பிறகு என்னிடம் வந்து, "எல்லாரையும் கரைமேட்டுக்குப் பின்னாடி அனுப்புங்க, தீதி. அப்புறம் கையால ஒரு எறி, தாழ்வா. சரியா இருந்தாத்தான் ரப்பர்" என்றான். நான் சொல்லியிருக்க வேண்டியது அது. அவன் சொல்ல, நான் செய்தேன். டேப் போட்ட தகட்டோடு ரப்பரில் ஏற்றியதே சரியா என்று இன்றும் எனக்குச் சந்தேகம் உண்டு. நீங்கள் என்னைக் கேட்டால் இன்று கூடாது என்றே சொல்லுவேன்.

கையால் எறிந்தது நேராகப் போய் இறங்கியது. ரப்பரில் மாட்டினோம். கயிறு விடுபட்டு மாடல் மேலே போனது. ஐம்பது அடி. ஆற்றுப் பக்கமிருந்து ஒரு வீச்சு வந்தது. மூக்கு இடது பக்கம் போனது. வலது பக்கம் வந்தது. யாரோ பின்னால் ஐயோ என்றார்கள். மறுபடி இடது பக்கம், ஆனால் முன்பைவிடக் குறைவாக. பிறகு நேரே நின்றது. சரவணன் கட்டைவிரலை அசைக்கவே இல்லை, மாடல் தானாகச் சரியாகட்டும் என்று விட்டுவிட்டான். கரை நெடுகப் போய்வந்து, பூப்போல இறங்கியது.

கை தட்டினார்கள். வேலை நமக்கே கிடைத்தது, உங்களுக்குத் தெரியும். சரவணன் என் பக்கம் திரும்பவில்லை. மாடலைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான்.

அலுவலகத்தில் அந்தப் பழைய அறிக்கையை எடுத்தேன். கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதலாம் என்றார் முதலாளி. வேண்டாம் என்றேன். அதே தாளில், என் இரண்டு வரிக்குக் கீழே, நடந்ததை எழுதி மறுபடி கையெழுத்துப் போட்டேன். கோப்பில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். இன்று பட்டறையில் எது பறக்கப் போகிறதோ அதையே, டப்பா, திருகு, டேப் எல்லாவற்றோடும் விசிறி முன்னால் தொங்கவிட வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறதே, அது அன்று வந்தது. சிலருக்கு அது அலுப்பாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அலுத்துக்கொள்ளுங்கள், ஆனால் செய்யுங்கள்.

மாடலைச் சரிசெய்ய அரை மணி ஆனது. பாக்கி ஒரு வேலை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கார்டன் ரீச்சில் சரவணன் வீட்டுக்குப் போனேன். அவன் வெளியே போயிருந்தான். அவன் அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். நான் குடிக்காமலே சொன்னேன்.

"அன்னைக்கு மார்க்கெட்ல வச்சு நான் சொன்னது தப்பு. ஒங்க பையன் கையில ஒரு நடுக்கமும் இல்ல. மாடல்லதான் கோளாறு. நான்தான் சரியாப் பாக்கல."

அவள் முந்தானையால் மேசையைத் துடைத்தாள். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"நரம்பு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனோம்க்கா. வரமாட்டேன்னு அழுதான். இருபத்தாறு வயசுப் பையன். அவுங்கப்பாதான் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாவ."

"அவன் உங்ககிட்ட டப்பாவப் பத்தி ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டேன்.

"சொல்லாம என்ன? தெனமும் சொன்னான். நீங்க வேற மாதிரி சொல்லிட்டியளேன்னு, நாங்கதான் அவனை நம்பல."